குறையே சொல்லாத ஊரில் ஒரு புகார்ப் பெட்டி

காந்திபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் ஒருமுறை எனக்குச் சர்க்கரைக்குப் பதிலாக உப்புப் போட்ட டீயைக் கொடுத்துவிட்டார்கள். முழுவதையும் குடித்தேன். கடைக்காரர் "டீ எப்படிங்க இருக்குது?" என்று கேட்டபோது "அருமைங்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அவர் மனம் கோணக்கூடாதே என்று இன்னொரு டீயும் சொன்னேன். முகத்துக்கு நேரே குறை சொல்வது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வராத வித்தை. இப்படிப்பட்ட ஒருவன்தான், தொண்ணூறுகளின் நடுவில், சோமனூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசு டாக்டராக இருந்துகொண்டு, ஊர் மக்கள் தன்னைப் பற்றிப் புகார் எழுதிப் பெட்டியில் போடுவார்கள் என்று நம்பினான்.

அந்த நம்பிக்கை எனக்கு ஒரு பயிற்சி வகுப்பில் கிடைத்தது. கோயமுத்தூரில் ஓர் ஓட்டல் அரங்கில் வகுப்பு. வளரும் நாடுகளில் நிர்வாகம் நன்றாக இருந்தால் மருத்துவமனைகளும் எப்படி நன்றாக நடக்கும் என்பது தலைப்பு. மதியம் பிரியாணி போட்டார்கள். அதற்குப் பிறகு வளரும் நாடுகள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது, தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது, "சனங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேக்காத நிர்வாகம் நிர்வாகமே இல்லை. ஒரு புகார்ப் பெட்டியாவது வையுங்க" என்று வகுப்பெடுத்தவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, உலகத்தையே திருத்தப் போகிறவன் மாதிரி ஊர் திரும்பினேன்.

தகரத்தில் பெட்டி செய்து, சிவப்புப் பெயிண்ட் அடித்து, பூட்டுப் போட்டு, ஆஸ்பத்திரி வாசலில் மாட்டினேன். சாவியை என் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். முதல் மாதக் கடைசியில் கொஞ்சம் பயத்தோடுதான் திறந்தேன். உள்ளே, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. எனக்குத்தான், குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். இன்னொரு துண்டுச் சீட்டில், "டாக்டரய்யா நெம்ப நல்லாப் பாக்கறாருங்க" என்று எழுதியிருந்தது. எழுத்திலும் 'ங்க' விட்டுப்போகவில்லை. அடுத்த மாதம் திறந்தபோது அதுவும் இல்லை. 'புகார்கள்: இல்லை' என்று மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்பும்போது என் கையெழுத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

எனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. ஆஸ்பத்திரியின் பிரசவ அறை இருட்டாகக் கிடந்தது. ஊரில் பெரிய தறிப்பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் போய்ப் பேசி, அவர் செலவில் பழைய மரச் சன்னலைப் பெயர்த்துவிட்டுப் பெரிய கண்ணாடி சன்னல் வைக்க ஏற்பாடு செய்தேன். உபயம் யார் என்று சன்னல் சட்டத்தில் அவர் பெயரும் எழுதியாயிற்று. சன்னலுக்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப். பஸ் ஏற நிற்கிறவர்கள் நம் ஆஸ்பத்திரியின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள் என்று நினைத்து மகிழ்ந்தேன். அவர்கள் வேறு எதையெல்லாம் பார்ப்பார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

பிரசவ அறையைப் பார்த்துக்கொண்டவர் நர்ஸம்மா. மலைப் பக்கம் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அலைந்து திரிந்து மாற்றல் வாங்கி வந்தவர். கணவர் அதே ஊரில் தறி ஓட்டினார். மகள் அங்கேயே பள்ளிக்கூடத்தில் படித்தாள். சன்னல் வைத்த அன்று அவர் என்னிடம், "வெளிச்சம் கொஞ்சம் சாஸ்திங்களா, டாக்டருங்க?" என்றார். நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். "ஆமாங்க, பகல்ல லைட்டே வேண்டாம் பாருங்க" என்றேன். மறுவாரம் சன்னலில் ஒரு பழைய போர்வை தொங்கியது. அழகு கெடுகிறதென்று நானே எடுத்து மடித்து பீரோவில் வைத்தேன்.

மாவட்ட அளவில் கூட்டம் நடந்தபோது பெரிய அதிகாரி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். ஒரு புகார்கூட இல்லாத நிலையம் என்று எல்லோரும் கை தட்டினார்கள். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். கைதட்டல் அடங்கியதும் அவர் அடுத்த தாளைப் புரட்டினார்.

"ஏனுங்க டாக்டர், பிரசவத்துக்கு மட்டும் யாரையுமே காணமே? முன்ன வந்துட்டிருந்தாங்களே?"

"சனங்களுக்கு இன்னும் விழிப்புணர்வு பத்தலைங்க" என்றேன். பதில் தெரியாதபோது எங்கள் துறையில் எல்லோரும் சொல்வது இது.

"அப்படிங்களா. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போமுங்க. இப்படியே இருந்தா நர்ஸ் போஸ்டிங்கைத் தேவைப்படற ஊருக்கு மாத்திப்போடலாமுங்க" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னதால் அது நர்ஸம்மாவின் இடத்துக்கு வைத்த வெட்டு என்று எனக்கு உறைக்கவே சற்று நேரம் ஆனது.

நர்ஸம்மாவிடம் சொன்னேன். "சரிங்க" என்றார். ஆனால் அன்று சாயங்காலம் மகளை அழைத்துக்கொண்டு போகும்போது, அந்தக் குழந்தையின் கையை அவர் பிடித்திருந்த இறுக்கத்தைப் பார்த்தேன். ஏன் யாரும் வருவதில்லை என்று கண்டுபிடிக்காவிட்டால் அவர் மறுபடி மூட்டை கட்ட வேண்டும். வெளி நோயாளிகள் வரிசையில் நின்ற ஒவ்வொரு பெண்ணிடமும், "நம்ம ஆஸ்பத்திரியில என்னம்மா குறை?" என்று கேட்டேன். "ஒரு குறையும் இல்லீங்க" என்றார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள்கூட அதையே சொல்லிவிட்டு, வலி வந்ததும் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனார்கள்.

வழி பிறந்தது டவுன் பஸ்ஸில். காந்திபுரத்திலிருந்து துடியலூர்ப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள், அந்தப் பக்கத்துக் கிராம ஆஸ்பத்திரி ஒன்றை ஏறிய இடத்திலிருந்து இறங்கும் இடம் வரை கிழித்துத் தொங்கவிட்டார்கள். மருந்து கொடுக்கும் சன்னலை மத்தியானத்துக்கு முன்பே சாத்திவிடுகிறார்களாம். டாக்டரம்மா நோயாளியின் முகத்தையே பார்க்காமல் சீட்டு எழுதுகிறாராம். அந்த டாக்டரம்மா என்னோடு அதே பயிற்சியில் இருந்தவர், அவர் வாசலிலும் அதே சிவப்புப் பெட்டி காலியாகத் தொங்குவது எனக்குத் தெரியும். அப்போதுதான் புரிந்தது. நம் சனங்களுக்கு வாய் இல்லாமல் இல்லை. சம்பந்தப்பட்டவன் முகத்துக்கு நேரே திறக்காது, அவ்வளவுதான்.

மறுநாளே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். இருவரும் ஊர் மாற்றிக்கொள்வது என்று முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் ஊருக்குப் போய், வாடகைக்கு வீடு தேடுகிறவன் போலப் பேச்சுக் கொடுத்து ஆஸ்பத்திரி எப்படி என்று விசாரிக்க வேண்டும். அவர் என் ஊருக்குப் போய், தங்கைக்குப் பிரசவம் பார்க்க இடம் தேடுகிறவராக விசாரிக்க வேண்டும். சாயங்காலம் காந்திபுரம் பேக்கரியில் சந்திப்பு.

நான் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவர் ஊரில் கேட்டதையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அடுத்தவர் குறையைக் கையில் வைத்திருப்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர் வந்ததும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்து, ரொம்பவும் வருத்தப்படுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டார்.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றேன்.

"உங்க ஆஸ்பத்திரி பரவால்லீங்க" என்றார்.

"அதையெல்லாம் விடுங்க. என்ன சொன்னாங்க?"

"தப்பா நெனச்சுக்கக் கூடாதுங்க."

"இல்லீங்க."

"நெசமாலுமே நெனச்சுக்க மாட்டீங்களே?"

ஒரு டீ குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "பிரசவ ரூம்ல பெரிய கண்ணாடி சன்னல் இருக்குதாமுங்க. பஸ்ஸுக்கு நிக்கற ஆம்பளைங்களுக்கு உள்ள கட்டில்ல படுத்திருக்கறது நல்லாத் தெரியுதாமா. அங்க எப்படிங்க போய்ப் படுக்கறதுன்னு கேக்கறாங்க. அப்பறமுங்க…"

"இன்னுமா?"

"டாக்டரு நல்லவராமுங்க. ஆனா, கடைசியா எப்பம்மா வீட்டுக்குத் தூரமானேன்னு, ரோட்ல போறவன் பதில் சொல்ற மாதிரி சத்தமாக் கேக்கறாராமா."

என் காது சுட்டது. 'வெளிச்சம் கொஞ்சம் சாஸ்திங்களா' என்று நர்ஸம்மா கேட்டதும், போர்வையை நான் மடித்து வைத்ததும் நினைவுக்கு வந்தன. அவர் சொல்லத்தான் செய்திருக்கிறார். கேட்கத் தெரியாத காதுதான் என்னுடையது. எனக்குப் பெட்டி எதற்கு?

சன்னலை எடுப்பதென்றால் உபயதாரரிடம் சொல்ல வேண்டும். அவர் மனம் நோகுமே என்று பயந்துகொண்டே தறிப்பட்டறைக்குப் போனேன். தறிச் சத்தத்தில் நான் இழுத்து இழுத்துச் சொன்னது அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். முடிக்கும் முன்பே சிரித்துவிட்டார்.

"அதுக்கென்னங்க, மறைச்சுப்போடலாம். எங்க மருமகளே அந்தச் சன்னலுக்குப் பயந்துக்கிட்டுத்தானுங்க டவுனுக்குப் போச்சு."

"ஏனுங்க, தெரிஞ்சிருந்தும் என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"நீங்க அத்தனை ஆசையா வெச்சீங்க. எப்படிங்க சொல்றது?"

பணம் போட்டவரே சொல்லவில்லை. அவர் மறுநாள் கெட்டியான காடாத் துணி ஒரு பெரிய கட்டு அனுப்பினார், அவர் தறியில் ஓடிய துணிதான். நர்ஸம்மாவும் அவர் கணவரும் உட்கார்ந்து திரை தைத்தார்கள். சன்னலுக்கு ஒன்று, ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் ஒன்று, நான் நோயாளிகளைப் பார்க்கும் மேசைக்குப் பக்கத்திலும் ஒன்று. நானும் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகினேன். முதல் வாரம் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம்.

ஆனால் பிரசவத்துக்கு யாரும் வரவில்லை. திரை வந்துவிட்டது என்பது ஊருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனாலும் போய்ப் பழகிய பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். நர்ஸம்மா மகளுடைய பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் ஒருநாள் கேட்டார். நான் ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், தறியில் நூல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வலியோடு அழைத்து வந்தார்கள். மாமியார் கூட வந்திருந்தார். டவுன் வரை தாங்காது என்பதால்தான் வந்தார்கள், என் திரையைப் பார்த்து அல்ல. நர்ஸம்மா உள்ளே போனார். பொழுது சாயுமுன் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு சேதமும் இல்லை.

மறுநாள் காலை நான் அந்தக் கட்டிலருகே போய், வழக்கமான பதிலை எதிர்பார்த்து, "எல்லாம் சவுகரியமா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க இருக்குது!" என்றாள் அந்தப் பெண். "குளிக்கச் சுடுதண்ணி இல்லீங்க. ராத்திரி நாய் உள்ள வருதுங்க. எங்க அத்தை என்னமோ கேட்டதுக்கு நீங்க வள்ளுனு உழுந்தீங்க. அவங்க மொகமே வாடிப்போச்சுங்க."

நான் அந்த ஊருக்கு வந்ததிலிருந்து என் முகத்துக்கு நேரே கேட்ட முதல் குறை அது. மாமியார் பதறிப்போய், "ஏய், டாக்டரய்யா கிட்ட இப்படியா பேசறது?" என்று அதட்டினார்.

"சொன்னாத்தானுங்க அத்தை செய்வாங்க" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "என்ற தங்கச்சிக்கு இது ஏழாம் மாசமுங்க. நர்ஸம்மா நெம்ப நல்லாப் பாத்தாங்க, அவளையும் இங்கதானுங்க கூட்டியாரப் போறேன். அதுக்குள்ள இதெல்லாம் செஞ்சு வெச்சுப்போடுங்க" என்றாள்.

ஒரு குறையும் இல்லை என்றவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. திரும்பி வரப்போகிறவள்தான் குறை சொன்னாள்.

திரைக்கு அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நர்ஸம்மா முக்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க டாக்டருங்க, அப்ப அந்தத் தங்கச்சி வர்ற வரைக்குமாச்சும் நான் இங்க இருக்கோணுமல்லங்க?" என்றார்.

"இருந்துதானுங்க ஆகோணும்" என்றேன். "கூட்டத்துல நானே எந்திரிச்சு நின்னு சொல்றனுங்க."

சொல்லிவிட்டு, அந்த மாமியாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன், மெதுவான குரலில்.