டேங்குக்குள் கிடந்த துளசி

1. கரையில் ஓடிய எஞ்சின்

"அண்ணாச்சி, வெறும் போட்டா போனா நல்லா ஓடுது. வலையை ஏத்திக்கிட்டுத் திரும்பினா பாதி அணையில மூச்சு அடங்கிருது. செத்த நேரம் நிப்பாட்டி எடுத்தா மறுபடி ஓடுது."

இதைச் சொல்லிக்கொண்டு அந்தோணி என் பட்டறைக்கு வந்தது ஒரு புரட்டாசி மாதம். பட்டறை எனக்கு ராஜபாளையத்தில், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். முப்பது வருஷமாகக் கிணற்று பம்ப்செட்டும் பவர் டில்லரும்தான் பார்க்கிறேன். போட் எஞ்சின் என்று கைக்கு வந்தது அது ஒன்றுதான். கூமாப்பட்டிக்கு மேற்கே அணையில் மீன் குத்தகை எடுத்திருந்த முதலாளியின் போட். ஆவணியில் நான்தான் அந்த எஞ்சினுக்கு லைனரும் ரிங்கும் மாற்றி ஓவராயில் செய்து, போட்டிலேயே பூட்டிக் கொடுத்தேன். அந்தோணி அதன் டிரைவர். வ. புதுப்பட்டிக்காரர், வாய் அதிராத மனுஷன்.

மறுநாள் அணைக்குப் போனேன். போட்டுக்குள் செதிலும் கவிச்சியுமாகக் கிடந்தது. எனக்குப் பெருமாள் விரதம். எஞ்சினைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு கேனில் டீசல் வைத்து ஹோஸ் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஃபில்டர் புதிதாகப் போட்டேன். டீசல் லைனில் ஏர் எடுத்தேன். டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் கழற்றிப் பார்த்தேன். முழு ரேஸ் கொடுத்தும் சத்தம் மாறவில்லை.

"கரையில நல்லாத்தான் ஓடும் அண்ணாச்சி. லோடோட ஒரு தடவை ஏறி வந்து பாருங்க" என்றார் அந்தோணி.

"மாசம் முடியட்டும்ப்பா. இப்ப மீன் போட்டுல ஏற மாட்டேன்."

"சாமி காரியம், நான் குறுக்க நிக்கலை. காத்துக்கிடுதேன். மொதலாளிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்க."

2. ஒரு வார்த்தை

முதலாளி வந்தார். "என்ன மெக்கானிக்கு, ஒம்ம வேலையில எதும் கோளாறா?"

"எஞ்சின்ல குறை இல்ல மொதலாளி. டீசல்தான் சரியில்லைன்னு தோணுது."

"நல்ல டீசல்தானே வாங்கிக் குடுக்கேன்? அப்ப இவன் அதை வித்துட்டு மண்ணெண்ணெயைக் கலந்து ஊத்துதானோ?"

போட்டின் டேங்கைத் திறந்து மோந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்கும் போட்டில்தான் ஏற வேண்டும். என் ஓவராயிலுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது, அது ஒன்றுதான் அப்போது மனசில் இருந்தது.

"இருக்கலாம்" என்றேன்.

பத்தடி தள்ளி நின்ற அந்தோணி ஓடிவந்தார். "மாதா சத்தியமா இல்ல மொதலாளி!"

"ஏலே, மெக்கானிக்கே சொல்லுதாரு. ஒன் மாதாவை எதுக்குலே இழுக்க? நாளையில இருந்து வராத."

அந்தோணி என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

3. லோடு

ஐப்பசி பிறந்தது. புது டிரைவரும் அதே குறையைச் சொன்னார். இந்தத் தடவை நான் போட்டில் ஏறினேன்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. ஈர வலையையும் மீன் பெட்டிகளையும் ஏற்றித் திரும்பினோம். பாதி அணையில் வேகம் விழுந்தது. புகையைப் பார்த்தேன். கரும்புகை தள்ளினால் காற்றுக் குறை, அல்லது புரொப்பல்லரில் எதுவோ சுற்றியிருக்கிறது என்று போகலாம். இங்கே கரும்புகை இல்லை. அப்படியென்றால் எஞ்சினுக்கு டீசல் போதவில்லை. டேங்க் மூடியைத் திறந்துவிட்டேன், காற்றடைப்பாக இருந்தால் சரியாகிவிடும். ஆகவில்லை. மோந்து பார்த்தேன். சுத்தமான டீசல் வாடை.

அப்புறம் கேனை உயரத்தில் வைத்து நேராக ஃபில்டருக்கு ஹோஸ் கொடுத்தேன். அம்புட்டு லோடையும் ஒரே இழுப்பில் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

எஞ்சினில் குறை இல்லை, டேங்கில்தான். டீசலை வடித்துவிட்டு டார்ச் அடித்தேன். அடியில், டீசல் போகும் ஓட்டைக்குப் பக்கத்தில், கறுத்துப்போன ஒரு துளசிக் கதிர்.

நான் போட்டது.

வேலை முடிந்தால் ஆண்டாள் கோவில் துளசியில் ஒரு கதிர் டேங்கில் போட்டுக் கும்பிடுவது என் வழக்கம். பம்ப்செட் டேங்கின் வாயில் சல்லடை உண்டு, கதிர் அதிலேயே தங்கிவிடும், பிறகு எடுத்துவிடுவேன். இந்த டேங்க் தகரத்தில் அடித்தது, சல்லடை கிடையாது. ஆவணியில் உள்ளே விழுந்ததை நான் கவனிக்கவில்லை. எஞ்சின் மெதுவாக ஓடினால் கதிர் சும்மா கிடக்கும். லோடு ஏறி டீசல் வேகமாக இழுக்கும்போது ஓட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் விலகிவிடும்.

கதிரை எடுத்துத் தாளில் மடித்து வைத்துக்கொண்டேன்.

4. செங்கல் சூளை

முதலாளியிடம் உள்ளதைச் சொன்னேன். "அப்படியா? சரி விடும். இப்ப இந்தப் புது டிரைவர் பழகிட்டான்" என்றார். அவ்வளவுதான்.

அந்தோணி வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தார். தாளில் மடித்த கதிரை அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கும்பிட்டேன். தாளை விரித்துப் பார்த்தார்.

"எம் மகளைப் பார்க்க வாரதா இருந்தவிய வரலை அண்ணாச்சி. டீசல் திருடன் வீடான்னு கேட்டாகளாம். இந்த எலையை எத்தனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவிய?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வீட்டை விசாரித்துப் போனேன். "வேற எடம் முடிவாயிட்டு" என்றார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். லோடு கொடுத்துப் பார்க்காமல் எந்த எஞ்சினையும் சரி என்று சொல்லாதீர்கள். குறை என்று வந்தால், கடைசியாகக் கை வைத்தது நீங்கள் என்றால், முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். விரதம் இன்றும் இருக்கிறேன். அன்றைக்குப் போட்டில் ஏறாதே என்று பெருமாள் சொல்லவில்லை. நானாகச் சொல்லிக்கொண்டது அது.

அன்று சூளையில் நான் கிளம்பும்போது அந்தோணி செம்மண் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, தாளைப் பழையபடி மடித்து என்னிடமே தந்தார்.

"சாமி எலை அண்ணாச்சி. எங்கயும் கீழ போட்டுறாதிய" என்றார்.