போர்ப்படங்களும் மரத்துப்போன இரண்டு விரல்களும்

திரையில் ஓர் ஊர் எரிந்துகொண்டிருந்தது. குண்டு போட்ட விமானங்கள் போய்விட்டன, வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. அப்போதுதான் எங்கள் வீட்டுக்குள் தீய்ந்த வாடை வந்தது.

"மச்சான், படத்துல எரியிறது இங்க வரைக்கும் மணக்குதே," என்றான் என் மனைவியின் தம்பி முனியாண்டி. தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிலிம் சுருள் கருகுகிறதோ என்று குனிந்து பார்த்தேன். சுருள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, கை," என்றாள் காமாட்சி.

படம் காட்டும் மெஷினில் விளக்கை மூடியிருக்கும் இரும்புப் பெட்டி கொதிக்கும். என் இடது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் அதன்மேல் கிடந்தன. காமாட்சி கையைப் பிடித்துத் தூக்கியபோது தோல் கொஞ்சம் இரும்பிலேயே ஒட்டிக்கொண்டது. வலிக்கவில்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தேன். பிறகு படத்தை முடியும்வரை ஓட்டினேன். ஏன் நிறுத்தவில்லை என்று காமாட்சி பலமுறை கேட்டுவிட்டாள். நிறுத்தத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையில், மின்சார வேலை பார்த்துவந்தேன். எங்கள் வெள்ளைக்காரத் துரை இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவர். பங்களாவில் போர்ப்படங்களாகவே போட்டுப் பார்ப்பார். ஓட்டுவது என் வேலை. சீமைக்குத் திரும்பும்போது மெஷினையும் படச் சுருள் டப்பாக்களையும் என்னிடமே கொடுத்துவிட்டார். தூக்கிக்கொண்டு போக அவருக்கு அலுப்பு.

எனக்கு ஸ்டோர் பக்கத்திலேயே வீடு, அதனால் கரண்டு உண்டு. சனிக்கிழமைக் கொழுந்து அரைபட்டு முடிய ஞாயிறு மத்தியானம் ஆகும். அதுவரை டைனமோ ஓடும். ஞாயிறு காலையில் ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி, சுவரில் வெள்ளைச் சேலையைத் தொங்கவிட்டுப் படம் போடுவேன். லயம் என்னும் வரிசை வீடுகளில் இருந்த சனம் வந்து நிறைந்துவிடும். பாட்டு கிடையாது, கூத்து கிடையாது. பாலைவனத்தில் டாங்கி போகும், கப்பல் கவிழும், பனியில் குதிரை விழும். பேசுவது எல்லாம் இங்கிலீஷ். காமாட்சிதான் தமிழில் கதை சொல்வாள்.

"இந்தா போறாரு பாருங்க, இவருதான் பெரிய கங்காணி. வெத்திலை போடப் போறாரு. ஆளுகளத்தான் முன்னுக்குத் தள்ளுவாரு, அவரு வரமாட்டாரு." சிரிப்பில் சுவர் அதிரும். குதிரை விழும்போது மட்டும் அவள் பேசமாட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

விரல் மரத்தது கை தீய்ந்த அந்த ஞாயிற்றுக்குப் பல மாதம் முன்பே. எங்கள் மலையில் விரல் மரப்பதை யாரும் நோயாக எண்ணுவதில்லை. பனிக்காலத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லோருக்கும் மரக்கும். அடுப்பில் காட்டினால் தெளியும். நானும் அதையே செய்தேன். ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் சூளையருகே கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். மற்றவர்கள் சூடு தாங்காமல் இழுத்துக்கொள்வார்கள். "ஒங்களுக்கு இரும்புக் கைங்க," என்று எனக்குப் பாராட்டு வேறு. கொப்புளம் வந்தது, தேங்காய் எண்ணெய் தடவினோம். பனி போய் வெயில் வந்தும் மரப்பு போகவில்லை. வலித்திருந்தால் யோசித்திருப்பேன்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது வெயில் காலத்திலும் விரல் மரத்திருந்தால் தயவுசெய்து அடுப்பிடம் போகாதீர்கள்.

தோட்டத்து மருந்துச்சாலையில் டிஸ்பென்சர் ஐயா, மெஷினில் சுட்ட புண்ணுக்குக் கட்டுப் போட்டார். பிறகு என் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கைக்குக் கீழே இருந்த வெளிறிய தேமலைப் பார்த்தார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அந்த இடத்தில் முடியும் இல்லை, வேர்வையும் இல்லை. அவர் முகம் மாறியது. "நுவரெலியாவுக்குப் போங்க. இன்னிக்கே போங்க," என்றார்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார், ஊசியால் குத்தினார். தொட்டது தெரிந்தால் விரலால் காட்ட வேண்டும். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது சுண்டு விரலில் இரத்தப் பொட்டுகள் இருந்தன. முழங்கையின் உள்பக்கம் ஓடும் நரம்பு கயிறுபோல் தடித்திருந்ததைக் காட்டினார். காது மடலில் சிறு கீறல் போட்டு, கசிந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சோதனைக்கு அனுப்பினார்.

அடுத்த முறை போனபோது, "தொழுநோய்தான் (தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமி நோய்)," என்றார். "ஆனா உங்கட காதில எடுத்ததில கிருமி இல்லை. இது மற்றாக்களுக்குத் தொத்திற வகையில்லை. எங்கயும் அனுப்பத் தேவையில்லை. வீட்டிலேயே இருந்து குளிசையைப் போடுங்கோ."

டாப்சோன் (தொழுநோய்க் கிருமியை ஒடுக்கும் மாத்திரை) கொடுத்தார். விரலில் உணர்ச்சி எப்போது வரும் என்று கேட்டேன்.

"அது வராது. இனிமேல் அந்த விரலுக்குக் கண்தான் காவல். அடிக்கடி பார்த்துக்கொள்ள வேணும்."

பஸ்ஸில் திரும்பும்போது காமாட்சி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை.

சின்ன வயதில் எங்கள் லயத்தில் ஒருவரைப் பெருவியாதி என்று லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லொறி வளைவு திரும்புவதற்குள் அவருடைய பாயையும் தட்டையும் முற்றத்தில் போட்டு எரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தபடியே போனார். டாக்டர் சொன்னது காதில் ஏறியது, உள்ளே இறங்கவில்லை. நான் அந்த லொறிக்குத் தயாராகிவிட்டேன். எனக்கென்று ஒரு தட்டை ஒதுக்கினேன். பாயை மெஷின் இருந்த அறைக்கு மாற்றினேன். மகள் சரசு மடிக்கு ஓடிவந்தால் எழுந்து நின்றுவிடுவேன். பிள்ளை இரண்டொரு தடவை விழுந்தது. பிறகு வருவதை விட்டுவிட்டது.

"தொத்தாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? அவரு என்ன படிக்காதவரா?" என்று காமாட்சி சண்டைக்கு வந்தாள். பக்கத்தில் வந்தால் கையை இழுத்துக்கொண்டேன்.

தோட்டத்தில் செய்தி பரவியது. ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க யாரும் வரவில்லை. முனியாண்டி மட்டும் ஒரு தரம் வந்து வாசலிலேயே நின்றான். "ஸ்டோர்ல கொஞ்சம் வேலை மச்சான்," என்று சொல்லிவிட்டுப் போனான். மலையில் வேலை செய்கிறவனுக்கு ஸ்டோரில் என்ன வேலை?

இருந்தும் படம் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜன்னலை மூடி, மெஷினை ஓடவிட்டு, பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்துவிடுவேன். காமாட்சியைச் சுவரோரம் தள்ளி உட்காரச் சொல்வேன். அவள் கதை சொல்வதில்லை. சிப்பாய்கள் ஓடினார்கள், விழுந்தார்கள். குதிரை பனியில் விழுந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் நானும் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். இப்போது அது விழுகிறது என்று மட்டும் தெரிந்தது. கை மரத்ததுபோல் மற்றதும் மரத்துவிட்டது என்று நினைத்தேன். அது ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது, என்னைப் போன்றவர்கள் அந்த நிம்மதியை நம்பிவிடக் கூடாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லொறி வரவில்லை. புதுத் துரையிடம் டிஸ்பென்சர் ஐயா பேசினார், வேலை நிலைத்தது. சில வருஷம் மாத்திரை போட்டேன். தேமல் மங்கியது, நோய் அதோடு நின்றது. இரண்டு விரல்களும் கொஞ்சம் மடங்கிவிட்டன. டாக்டர் சொன்னபடியே உணர்ச்சி வரவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது மாத்திரை தொடங்கிய முதல் மழைக்காலத்து ஒரு ஞாயிற்றைப் பற்றி. இரண்டாவது ரீல் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் பக்கத்தில் இருந்ததால் கையைப் பார்க்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. திரையில் பனிவெளி வந்து அறை வெளுத்ததும் குனிந்து பார்த்தேன்.

என் இடது கை முக்காலிக்குப் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. காமாட்சி சுவரோரத்தில் இல்லை. என் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னுடைய மரத்த இரண்டு விரல்களையும் தன் உள்ளங்கைக்குள் பிடித்திருந்தாள்.

"எப்பலேருந்து புடிச்சிருக்க?"

"இந்த ரீலு தொடங்குனப்பவே."

"எனக்குத் தெரியலியே."

"தெரிஞ்சா இழுத்துக்குவீங்க. அதான் இந்த ரெண்டு வெரல மட்டும் புடிச்சேன்." அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "போன வாரமும் புடிச்சிருந்தேன். அதுக்கு முந்துன வாரமும்."

அந்த வாரங்களில் நான் தனியாக உட்கார்ந்திருந்ததாகத்தான் எனக்கு நினைவு. குதிரை விழுந்ததும் கப்பல் கவிழ்ந்ததும் நினைவிருக்கிறது. இது இல்லை. என் உடம்பில் என் கூடவே நடந்தது, நான் அங்கே இல்லை.

அதன்பின் அன்று திரையை நான் பார்க்கவே இல்லை. விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் அவள் பிடித்திருப்பது எனக்குத் தெரியாமல் போய்விடும்.