மேசைக்கு அடியில்

கால்கள் வானத்தைப் பார்க்கக் கவிழ்த்துப் போட்ட ஒரு மேசையின் முன்னால் அக்கா குந்தியிருந்தது கண்ணிலேயே நிற்கிறது. பாக்கார் ஆராங்கில் அவள் குடியிருந்த வரிசை வீட்டின் முன்புறம், கார் நிறுத்தும் இடம். அவள் கையில் என்னுடைய டிரில். மேசையின் ஒரு கால் நுனியில் பிளந்திருந்தது. அதுவரை அவள் சுவரில் ஆணி அடித்ததெல்லாம் சாமிப் படம் மாட்டுவதற்காக மட்டும்தான்.

அக்காவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கணவர் இறந்துபோய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன், பாலிங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது விழுந்து முதுகெலும்பில் அடிபட்டான். உயிர் தங்கியது, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. விபத்துக்கு முன் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் இருந்தவன் என்பதால், வீட்டிலிருந்தே செய்யட்டும் என்று முதலாளி வேலை கொடுத்தனுப்பச் சம்மதித்தார். ஆனால் கடைகளில் பார்த்த மேசை எதற்குள்ளும் சக்கர நாற்காலி நுழையவில்லை. இழுப்பறையோ குறுக்குச் சட்டமோ முழங்காலில் இடித்தது. செய்து தர ஆள் பார்க்கிறேன் என்றேன். அக்கா கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தனை மாதம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவளுக்கு, மகனுக்காகத் தன் கையால் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

கைப்பேசியில் வீடியோ பார்த்துச் செய்தாள். பலகையின் ஓரத்தில், முதலில் துளை போடாமலேயே திருகாணியை இறக்கினாள், பலகை பிளந்தது. பலகையின் வெட்டுமுனையில் நேராக இறக்கியவை பிடிப்பில்லாமல் இரண்டொரு நாளில் ஆடின. ஆட ஆட முடுக்கியதில் திருகாணித் தலைகள் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டன. மேசை ஆடும்போதெல்லாம் கடைக்குப் போய் முன்பைவிட நீளமானதை வாங்கி வந்தாள். “நீளமாப் போட்டாத்தான் தம்பி பிடிக்கும்” என்றாள். லாரி ஓட்டுகிற எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒருவழியாக மேசை அசையாமல் நின்றது. அவன் நாற்காலியை உள்ளே தள்ளிப் போய், இரண்டு கைகளையும் பலகைமேல் பரப்பி வைத்து, “கடை மேசைகூட இப்படி இருக்காதுலா, மா” என்றான். விபத்துக்குப் பிறகு அன்றுதான் அக்கா சிரித்துப் பார்த்தேன்.

கடைசியாகப் போட்ட திருகாணிகளில் ஒன்று சட்டத்தைத் துளைத்துக்கொண்டு உள்பக்கம் வந்திருந்தது. அரிசி மணி அளவு முனை. அவன் வேலை பார்த்த நேரமெல்லாம் அது அவனுடைய தொடையில் பதிந்துகொண்டே இருந்திருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. அவன் போட்டிருந்த கறுப்புக் கால்சட்டையில் இரத்தமும் தெரியவில்லை. தினமும் காலைப் பார்க்கச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். அந்த வாரம் அக்காவுக்கு இரவு வேலை, அவனே உடம்பைத் துடைத்துக்கொண்டான். காய்ச்சல் வந்த பிறகுதான் அக்கா துணியை விலக்கிப் பார்த்தாள். புண் உள்ளே ஓடிச் சீழ் வைத்திருந்தது.

மீண்டும் ஆஸ்பத்திரி. ஆறுவதற்கு வெகுநாள் பிடித்தது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, “நான்தான்டா அவனைக் குத்தினேன்” என்று அக்கா என்னிடம் சொன்னாள். அழவில்லை. வீட்டுக்குப் போய் மேசையைப் பின்பக்கம் இழுத்துப் போட்டாள். மழையில் நனைந்து கிடந்தது.

அவன் திரும்பி வந்ததும், நான் வேறொரு மேசை செய்யச் சொல்லியிருப்பதாகச் சொன்னேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். “அம்மா செஞ்சதே இருக்கட்டும் மாமா. குத்துறத மட்டும் எடுத்துடலாம்” என்றான். அக்கா மறுத்தாள். அவன் அன்றைக்குச் சாப்பிடாமல் இருந்தான். மறுநாள் மேசையை மூன்று பேருமாகக் கவிழ்த்துப் போட்டோம்.

தலை தேய்ந்த திருகாணிகளின்மேல் ரப்பர் பட்டையை வைத்து அழுத்தித் திருப்பியதில் சில வந்தன. மற்றவற்றை இடுக்கியால் பிடித்துச் சுழற்றினேன். பெரிதாகிப்போன துளைகளில் இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சிகளைப் பசை தடவி இறக்கி, காய்ந்ததும் மட்டமாக வெட்டினோம். இந்தத் தடவை அக்கா ஒவ்வொரு திருகாணியையும் பலகையின் பக்கவாட்டில் வைத்து, இரண்டு பலகையின் கனத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா என்று பார்த்தாள். ஓரத்திலிருந்து தள்ளி, சின்னத் துளை போட்ட பிறகே இறக்கினாள். வெட்டுமுனைகளில் இரும்பு மூலைத்தகடு வைத்தோம். எல்லாம் முடிந்ததும் தன்னுடைய நைலான் புடவை ஒன்றைக் கொண்டுவந்து, மேசையின் அடிப்பக்கம் முழுவதும் மெல்ல இழுத்துப் பார்த்தாள். எங்கேயும் நூல் மாட்டவில்லை. மறுபடியும் இழுத்தாள். “போதும்மா” என்று அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்த மேசையில் சில வருடங்கள் வேலை பார்த்தான். கைப்பேசியோடு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவனோடு பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா மட்டும் முன்புபோல் ஆகவில்லை. கல்யாண மண்டபத்தில் சாப்பிட உட்கார்ந்தாலும் அவளுடைய கை மேசைக்கு அடியில் தடவிக்கொண்டிருக்கும். போன வருடம் அவனுக்கு நுரையீரலில் கிருமி தாக்கி, ஒரு வாரத்தில் போய்விட்டான். பழைய புண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டாள்.

சவப்பெட்டி வந்தது. அவனைத் தூக்கி வைப்பதற்கு முன்னால் அக்கா எழுந்துபோய், உள்ளே விரித்திருந்த வெள்ளைத் துணிக்கு அடியில் கையை விட்டு ஓரமெல்லாம் தடவினாள். நான் அவளுடைய தோளைத் தொட்டு, “இனிமே அவனுக்கு வலிக்காதுக்கா” என்றேன்.

“அவனுக்கு எப்பவும்தான் வலிக்கல தம்பி. அதனாலதான் நான் பார்க்கணும்.”

பெட்டி கொண்டுவந்தவர் மூடியைத் திருப்பி அவள் முன்னால் பிடித்தார். அவள் அதையும் தடவிப் பார்த்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

இப்போது அக்கா கரங்கானில் எங்களோடு இருக்கிறாள். போன மாதம் தெரிந்தவர் ஒருவர் வாதம் வந்து ஒரு பக்கம் மரத்துப்போய்ச் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, மேசையைக் கொடுத்துவிடலாம் என்று அவளே சொன்னாள். லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். அந்த வீட்டில் மேசையை இறக்கி வைத்ததும், அவருடைய மனைவியைத் தனியே அழைத்து, “தினமும் கால நீங்களே பாருங்க. அவரு சொல்லுவாருன்னு இருந்துடாதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் வழியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, பின்னால் லாரியின் சரக்குத் தட்டு காலியாக அதிர்ந்துகொண்டு வந்தது. அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள். லாரியை ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.