நீலக் குப்பிக்கு ஒரு மூடி

ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்த லிங்கம்மா, தேவராஜ மார்க்கெட்டில் ஒரு அத்தர் கடையில் பதினேழு வருடமாகக் குப்பி கழுவினாள். கண்ணாடி மூடியை அதனதன் குப்பிக்கென்றே தேய்த்துப் பொருத்துவார்கள். மாற்றிப் போட்டால் ஆடும், வாசனை ஓடிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லா மூடிகளையும் ஒன்றாகக் கொட்டிக் கழுவிவிட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள். லிங்கம்மா அப்படி விழித்தவள் இல்லை. கழுவுமுன்பே குப்பிக் கழுத்தையும் மூடியையும் ஒரே சிவப்பு நூலில் முடிந்துவிடுவாள். குப்பி உடைந்தால் மூடியைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். குப்பியே இல்லாத மூடிக்கு இத்தனை சீராட்டா என்று கடையில் கிண்டலடித்தார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

தொண்ணூற்று நான்கில் சேகரன் என்ற ஓய்வுபெற்ற என்ஜினியர் ஒரு நீலக் குப்பியோடு வந்தார். பழைய சென்ட் குப்பிகளைச் சேர்க்கிறவர். இதற்கு மட்டும் மூடி இல்லை, பெங்களூர் வரை அலைந்தும் கிடைக்கவில்லை. பத்து நாளில் அவருடைய குப்பிகளின் கண்காட்சி வேறு.

லிங்கம்மா சுண்டுவிரலைக் குப்பிக் கழுத்துக்குள் விட்டுத் தடவினாள். டின்னைக் கவிழ்த்து மூன்றே மூடிகளை எடுத்தாள். மூன்றாவது உட்கார்ந்தது, ஆனால் மயிரிழை ஆடியது.

“தேச்சாச் சேந்துக்குமுங்க சார். ஆனா அழுத்தம் கூடுச்சுன்னா கழுத்து விரிசல் உட்டுரும்.”

சேகரனின் முகம் வெளுத்தது. “ஒடஞ்சா இன்னொண்ணு கெடைக்காதும்மா.”

“தெரியுமுங்க. அதனாலதான் சொல்லிட்டுத் தொடறேன்.”

அவர் குப்பியை அவள் பக்கம் நகர்த்திச் சரியென்று தலையாட்டினார்.

கண்ணாடி தேய்க்கும் எமரிப் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, இப்படி அரைத் திருகு, அப்படி அரைத் திருகு. மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதிலேயே போனது. பக்கத்தில் யாராவது பேசினால் எரிந்து விழுந்தாள். கரகரவென்ற சத்தம் எப்போது மெலிகிறது என்று அவள் கேட்டாக வேண்டும், மெலிந்தால்தான் மூடி சேர்ந்துவிட்டதென்று அர்த்தம்.

நான்காம் நாள் சேகரன் கண்முன்னே குப்பியில் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, மூடியை மட்டும் பிடித்துத் தூக்கினாள். குப்பி கூடவே எழுந்து வந்தது. கவிழ்த்தாள், ஒரு சொட்டு விழவில்லை. கிண்டலடித்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். லிங்கம்மா வழக்கம்போலச் சிவப்பு நூலை முடிந்து கொடுத்தாள்.

கண்காட்சிக்கு மருமகள் மாதேவியோடு போனாள். பட்டுத்துணிமேல் வரிசையாகக் குப்பிகள். நீலக் குப்பியின் நூலை அழகுக்காகச் சேகரன் அவிழ்த்திருப்பார் என்றே நினைத்திருந்தாள். அவிழ்க்கவில்லை. அந்த நூல் எதற்கு என்று ஒருவர் கன்னடத்தில் கேட்டார்.

“மூடி போட்டவங்களே வந்திருக்காங்க. அவங்களைக் கேளுங்க” என்று கன்னடத்திலேயே சொல்லிக் கைகாட்டினார் சேகரன்.

எல்லோரும் திரும்பினார்கள். லிங்கம்மாவுக்குப் பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.