நெடுந்தீவுக்கு நிமிர்ந்து போன குளிர்ப்பெட்டி

1983, பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. காலை ஐந்தரை மணிக்கு யாழ்ப்பாணத்தில் அண்ணையின் வீட்டுப் படலையடியில் அத்தானின் வான் வண்டி வந்து நின்றது. உடுப்புப் பெட்டியோடு நான் முன்பே ஒழுங்கையில் நின்றிருந்தேன். அண்ணை வெளியே வரவில்லை.

ஆசிரியையான என்னை நெடுந்தீவில் உள்ள ஒரு பாடசாலைக்கு மாற்றியிருந்தார்கள். திங்கட்கிழமை கடமையேற்க வேண்டும். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஒன்பது வருடமாக நீரிழிவு. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. அந்த மருந்துக்குக் குளிர் வேண்டும், ஆசிரியர் விடுதியிலோ மின்சாரம் இல்லை. இதைக் காரணம் காட்டி, மாற்றத்தை ரத்துச் செய்யச் சொல்லி அண்ணை எனக்குத் தெரியாமலே கல்விக் கந்தோருக்கும் அந்தப் பாடசாலை அதிபருக்கும் கடிதம் போட்டிருந்தார். அண்ணி வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய் அத்தானிடம் குளிர்ப்பெட்டியைக் கேட்டேன்.

அத்தான், அக்காவின் கணவர், மோட்டார் திருத்துபவர். ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரத் தம்பதியர் விற்றுவிட்டுப் போன வான் ஒன்றைக் கொழும்பில் வாங்கியிருந்தார். உள்ளே படுக்கை, காஸ் அடுப்பு, இடுப்பளவு உயரத்தில் ஒரு குளிர்ப்பெட்டி. வீட்டு மின்சாரம், வாகன பற்றறி, காஸ் ஆகிய மூன்றில் எதிலும் அது ஓடும். உள்ளே மோட்டார் இல்லை, சத்தமும் இல்லை. பின்பக்கத்தில் சூடு கொடுத்தால் முன்பக்கம் குளிரும்.

"வானைத் தர ஏலாது. பெட்டியைக் கழட்டித் தாறன்," என்றார் அத்தான். எனக்கு அது போதும்.

வெள்ளி மதியமே அதை வானில் இருந்தபடியே அக்கா வீட்டு மின்சாரத்தில் கொழுவிவிட்டோம். இது ஆறுதலாகக் குளிரும் சாமான், அவசரத்துக்கு உதவாது. காலையில் வெப்பமானி ஏழு பாகை காட்டியது. வான் ஓடும்போது காஸ் எரிக்கக் கூடாது, பற்றறிக்கு மாற்றினோம். பற்றறி புதிதாகக் குளிரைத் தராது, இருக்கிற குளிரைத் தாங்கும்.

பண்ணைத் தாம்போதியைக் கடக்கும்போது இரு பக்கமும் கடல் தகடுபோலக் கிடந்தது. மண்கும்பானில் பனைகளுக்கு நடுவே சூரியன் வந்தது. வேலணையில் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்தோம். எனக்குச் சீனி இல்லாமல். அதற்கப்பால் தெரு பள்ளமும் திட்டியுமாக இருந்தது. அடுத்த தாம்போதி தாண்டி, புங்குடுதீவு மடத்துவெளியையும் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தபோது ஏழரை. ஏறத்தாழ இருபது மைலுக்கு இரண்டு மணித்தியாலம்.

"இண்டைக்கு வள்ளம் இல்லை. எஞ்சின் கழட்டிக் கிடக்கு. நாளைக்குக் காலமை வாங்கோ," என்றார் துறையில் நின்ற வள்ளக்காரர்.

அண்ணையின் வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி வெளிக்கிட முடியாது என்று எனக்குத் தெரியும். வானிலேயே தங்குவோம் என்றேன். அத்தான் மறுக்கவில்லை. தெருவோரமாக நிறுத்தி, காஸைத் திறந்து நெருப்பு வைத்தார்.

பதினொரு மணிக்கு வெப்பமானி பதினைந்து காட்டியது. மருந்துக்கு எட்டுக்கு மேல் ஆகாது. ஒரு மாதத்துக்கான மருந்து உள்ளே இருந்தது.

"இந்த வெக்கைக்கு இது சரிவராது," என்றார் அத்தான். "திரும்புவம். கொண்ணர் சொன்னதிலையும் ஒரு ஞாயம் இருக்கு."

"அண்ணை குளிர்ப்பெட்டியைப் பற்றியே சொன்னவர்? என்னைப் பற்றியெல்லோ சொன்னவர். ஒருக்காப் பாப்பம் அத்தான்."

கதவைத் திறந்தேன். காலையில் அத்தான் வெயிலில் கிடந்த ஆறு போத்தல் சோடாவை அப்படியே உள்ளே அடுக்கியிருந்தார். ஆறையும் எடுத்து வெளியே வைத்தேன். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு தட்டில் தண்ணீர் விட்டுப் பெட்டியின் மேல் வைத்தேன். தண்ணீர் முழுவதும் இடது ஓரத்துக்கு ஓடி நின்றது. இந்தப் பெட்டிக்குள் இருக்கும் திரவம் குழாய் வழியே தானாக வடிய வேண்டும், சரிந்தால் வடியாது. தெருவோரச் சரிவில் நின்ற வானில் எப்படிக் குளிரும்?

துறையடியில் இரண்டு பலகை வாங்கி இடப்பக்கச் சில்லுகளுக்குக் கீழ் வைத்து, வானை முன்னும் பின்னுமாக எடுத்தோம். நான்காவது தடவை தண்ணீர் தட்டின் நடுவில் நின்றது. பெட்டியின் பின்புறக் காற்றுத் துவாரம் கடற்பக்கம் பார்த்திருந்ததால் நெருப்பு படுத்துப் படுத்து எரிந்தது. அந்தப் பக்கம் வெயிலும் அடித்தது. வானை மறுபக்கம் திருப்பி மறுபடி மட்டம் பார்த்தோம். அத்தான் பழைய பல் தூரிகையால் சுடர் எரியும் பேனரின் கரியைத் தட்டினார். அதன்பின் கதவைத் தொடவே இல்லை.

மாலை ஐந்தரைக்கு ஊசிக்காகத் திறந்தபோது ஏழு பாகை.

"நீர் படிப்பிக்கப் போக வேண்டாம். என்ரை கராச்சுக்கு வாரும்," என்றார் அத்தான்.

ஞாயிறு காலை ஆறரை. காஸைப் பூட்டி, பெட்டியைக் கழற்றினோம். மருந்தைத் துணியில் சுற்றி, துறையடியில் வாங்கிய பனிக்கட்டியில் படாதபடி தேமஸ் போத்தலுக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். கட்டணம் ஆளுக்கு நான்கு ரூபாய். பெட்டிக்கும் சிலிண்டருக்கும் சேர்த்துப் பதினைந்து.

"படுக்கப் போடுங்கோ அக்கா. நிண்டால் விழும்," என்றார் வள்ளக்காரர்.

"படுத்தால் பழுதாப் போகும் அண்ணை. இது நிண்டுதான் வரும்."

"அப்ப ஆர் பிடிக்கிறது?"

"நான்."

ஒரு மணி நேரம் பிடித்தேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அத்தான். நடுக்கடலில் வள்ளம் சரியும்போதெல்லாம் பெட்டி என் நெஞ்சில் சாய்ந்தது. அரிசி மூட்டையில் இருந்த ஒரு பெண் வெகுநேரம் பார்த்துவிட்டு, எழுந்து வந்து தன் தோளையும் கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

நெடுந்தீவில் துறையிலிருந்து உழவு இயந்திர இழுவைப் பெட்டியில் போனோம். முருகைக்கல் வேலிகளுக்கு இடையே வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. தூரத்தில் இரண்டு குதிரைகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மேயப் போயின. விடுதி வாசலில் அதிபர் காத்திருந்தார். நரைத்த, நிதானமான மனிதர்.

"பிள்ளை, உமக்கு இஞ்சை இருக்க ஏலாதெண்டு கொண்ணர் கடிதம் போட்டவர். நான் வேறை ஆளைக் கேட்டு எழுத இருக்கிறன்."

"அது அண்ணையின்ரை கடிதம், ஐயா. என்ரை இது," என்று நியமனக் கடிதத்தை நீட்டினேன்.

அவர் வாசித்தார். "மருந்தை ஆஸ்பத்திரியிலை வைக்கலாம். கேட்டால் விடுவினம்."

"ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் போய்க் கேக்க எனக்கு விருப்பமில்லை."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "குசினியிலை வடக்குச் சுவர்ப் பக்கம் வெயில் வராது. அங்கை வையும்," என்றார்.

சமையலறையில், பெட்டிக்குப் பின்னால் ஒரு முழம் இடம் விட்டு, யன்னலைத் திறந்து, தட்டுத் தண்ணீரில் மட்டம் பார்த்து வைத்தோம். கடலில் ஆடி வந்த திரவம் அடங்கட்டும் என்று மூன்று மணித்தியாலம் காத்திருந்தேன். பிறகு நெருப்புக்குச்சியைத் தட்டினேன். நீலச் சுடர் அசையாமல் நின்றது.

திங்கள் காலை ஆறு மணிக்கு ஆறு பாகை. ஊசி போட்டுக்கொண்டு அத்தானை வழியனுப்பத் துறைக்குப் போனேன். ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும், அதற்குள் அடுத்ததை அனுப்புகிறேன் என்றார்.

"கொண்ணர் கேட்டால் என்ன சொல்ல?"

"மருந்து ஆறு பாகையிலை இருக்கெண்டு சொல்லுங்கோ."

"அவர் அதைக் கேக்க மாட்டார்."

"அப்ப நான் வரமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

வள்ளம் போனபின் பாடசாலைக்கு நடந்தேன். அண்ணையின் வீட்டில் மின்சாரம் இருந்தது. பெரிய குளிர்ப்பெட்டி இருந்தது. அதன் கதவுத் தட்டில் என் மருந்துக்கு ஓர் இடமும் இருந்தது. நான் செருப்புப் போடும் ஒவ்வொரு தடவையும் 'எங்கே, எத்தனை மணிக்கு வருவாய்' என்ற கேள்வியும் இருந்தது. ஒன்பது வருடமாக அதையும் நீரிழிவு வருத்தத்தோடு சேர்ந்து வந்த ஒன்றென்றே எண்ணியிருந்தேன். இந்த ஒழுங்கையில் யாரும் கேட்கவில்லை. புழுதி கணுக்கால்வரை ஏறியது.

எட்டு மணிக்கு மணி அடித்தது. ஐந்தாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். இருக்கச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் என் பெயரை முழுதாக எழுதினேன்.