பட்டாளத்து பாஸும் கிளிஞ்சல் சட்டியும்

முட்டைக் கூடையைத் தலையில் ஏற்றிவிட்டால் தும்மல் வந்தாலும் விழுங்கிவிட வேண்டும். இதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். என்னைப்போல் கூடை சுமந்து கழுத்து சுளுக்கிக்கொண்ட புண்ணியவதிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் ஒரு நாள் சேக்காட்டிலிருந்து ஆவடி முகாம் வரைக்கும் வைக்கோல் போட்ட கூடையோடு நடந்து பார்க்கட்டும்.

என் வீட்டுக்காரர் சாமுவேல் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவர். சண்டை தொடங்கி இரண்டாம் வருஷம் பர்மா பக்கம் போனார். மூன்று கடிதம் வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. நாற்பது கோழி வைத்திருந்த நான் முகாம் சமையலறைக்கு முட்டை போட ஆரம்பித்ததைப் பிழைப்புக்காக என்றுதான் ஊரில் நினைத்தார்கள். ஆனால் கிழக்கே போய்த் திரும்புகிற ஆட்கள் முதலில் சோற்றுக்கு நிற்கிற இடம் அந்தச் சமையலறை வாசல். அங்கே நின்றால் ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றிக் கேட்கலாம். அதற்கு கேட்டைத் தாண்ட ஒரு பாஸ் வேண்டும். கூடையில் பத்து முட்டை விரிசல் கண்டால் பாஸைக் கிழித்துவிடுவேன் என்று ஸ்டோர் அவில்தார் முதல் நாளே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முட்டை ஓட்டில்தான் என் உயிர் இருந்தது.

தோல் முட்டை

முதல் வாரமே வந்தது சோதனை. அவில்தார் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். முட்டை உடையவில்லை, அமுங்கியது. ஓடே இல்லாமல் வெறும் தோலோடு என் வெள்ளைச் சீமைக்கோழி இட்டிருந்த முட்டை அது. விடிந்தும் விடியாததுமாகக் கூடையில் அடுக்கியபோது என் கண்ணில் படவில்லை.

விரிசல் விட்டவற்றை அதோடு சேர்த்து எண்ணினால் ஒன்பது. ஒன்று குறைவதால் தப்பித்தேன். அவில்தார் முறைத்துக்கொண்டு நிற்க, சமையல்காரர் முனுசாமி, நெமிலிச்சேரிக்காரர், அந்த முட்டையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா, உன் கோயி அவசரத்துல சட்ட போடாமயே அனுப்ச்சிட்ச்சா?"

வாளி நிறைய ஓடு

முட்டை ஓட்டையே தின்றால் முட்டை ஓடு கெட்டியாகும் என்று யாரோ சொன்னார்கள். முனுசாமியும் பெரிய மனசோடு சமையலறையில் உடைத்த ஓட்டையெல்லாம் ஒரு வாளி நிறையக் கொடுத்தார். நான் அதை அப்படியே, பாதிப் பாதி முட்டையாக, முற்றத்தில் கொட்டினேன். கோழிகள் பாய்ந்து பாய்ந்து தின்றன. எனக்கு ஒரே பெருமை.

நான்காம் நாள் கூட்டுக்குள் கையை விட்டால் பிசுபிசு என்று ஈரம். இட்ட முட்டையை இட்டவளே கொத்திக் குடித்துக்கொண்டிருந்தாள்! ஓட்டை வறுத்து, இன்னதென்று அடையாளம் தெரியாமல் இடித்துத்தான் போட வேண்டுமாம். இது எனக்குத் தெரிவதற்குள் இருபது முட்டை போய்விட்டது. நான் கோழிகளைக் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டிருந்ததை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட தனபாக்கியம், அவளும் கோழி வளர்ப்பவள், சொன்னாள்: "உள்ள இன்னா ருசி கீதுன்னு நீயே காட்டிக் குட்த்துட்டு, இப்ப அதுங்கள திட்டிகினு கீறியே!"

சூளையில் ஒரு விசாரணை

பூந்தமல்லி மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் கிளிஞ்சலை இடித்துக் கொடுக்கச் சொன்னார். பலனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு மாதத்தில் ஓடு சுண்டினால் டங்கென்று சத்தம் வந்தது. தீனியில் கலக்காமல் தனிச் சட்டியில் வைத்தேன். சாயங்காலம் அடையப் போகுமுன் பெட்டைகள் வரிசையாக வந்து வேண்டிய மட்டும் கொத்திக்கொண்டு போகும். சேவல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. தனக்கு எது குறைகிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டு நடந்த அந்தப் பெட்டைகளைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஆனால் கிளிஞ்சல் வாங்கப் போன அன்று என் புத்தி எங்கோ போயிருந்தது. சுண்ணாம்புச் சூளையில் சுட்ட கிளிஞ்சலும் சுடாத கிளிஞ்சலும் குவித்திருந்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்த சுட்டதைத்தான் கை காட்டினேன். அதைத் தின்றிருந்தால் அத்தனை கோழியும் தொண்டை வெந்து செத்திருக்கும். நல்ல வேளை, சூளைக்காரர் "இன்னாத்துக்கு, செவுத்துக்கா, வெத்தலைக்கா?" என்று கேட்டார். கோழிக்கு என்றேன். மனுஷர் என் கையைத் தட்டிவிட்டுச் சுடாததை அள்ளிக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வெத்தல பாக்குக் கட அந்தாண்ட கீது, உன் கோயிங்களுக்கு அத்தையும் வாங்கிக்கினு போ."

மீனெண்ணெய்

ஐப்பசி மழையில் மறுபடி ஓடு மெலிந்தது. கிளிஞ்சல் சட்டி காலியாகிறது, ஓடு மட்டும் காகிதம். சுண்ணாம்பு வயிற்றுக்குள் போனால் போதாது, அது உடம்பில் ஒட்ட வெயில் வேண்டும் என்றார் கம்பவுண்டர். மழைக்குப் பயந்து நான் கோழிகளை அடைத்தே வைத்திருந்தேன். வெயில் வரும்வரை தீனியில் மீனெண்ணெய் சில சொட்டு விடச் சொல்லி ஒரு புட்டி கொடுத்தார். சொட்டு விடுகிற பொறுமை யாருக்கு இருக்கிறது? கரண்டியால் ஊற்றினேன்.

வீடெல்லாம் நாறியது. மழை நாளில் என் வீட்டுக்காரர் லாரி எஞ்சின் துடைக்கிற எண்ணெய்த் துணியை அடுப்பங்கரையில் காயப்போடுவார். நாற்றம் தாங்கவில்லை என்று சண்டை பிடித்திருக்கிறேன். அந்த மழையில் அந்தத் துணியின் நாற்றம் ஒரு தரம் வராதா என்று அழுதேன். மறுநாள் சமையலறை வாசலில் முனுசாமி என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார்: "தொர முட்டைய மோந்து பாத்துட்டு, இத்த எந்தக் கடல்ல வல போட்டுப் புட்ச்சேன்னு என்னக் கேக்குறாரும்மா!"

லாரிப் பரீட்சை

கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சொட்டுக்கு வந்தேன். வெயிலும் வந்தது. தை மாதத்தில் என் கூடையில் ஒரு விரிசல்கூட இல்லை. அவில்தார் முதல்முறையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மயங்கி நின்றேன் பாருங்கள், அதுதான் என் முட்டாள்தனம்.

திருமழிசைப் பக்கம் காய்கறி ஏற்றப் போகிற முகாம் லாரியில் என் கூடையை வைத்து அனுப்பினார். குண்டும் குழியுமான ரோட்டில் போய்த் திரும்பிய கூடையில் அத்தனையும் முழுசு. நாளையிலிருந்து லாரியே வீட்டுக்கு வந்து முட்டையை எடுத்துக்கொள்ளும் என்றார். எனக்கு நடை மிச்சம் என்று அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஐயா, நானே கொண்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் பாஸை வாங்கி மேஜைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "லாரில போனாலும் ஒடையாத முட்டைக்கு ஆள் எதுக்கும்மா உள்ள வரணும்?"

நான் செய்த பாவம்

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று சாயங்காலம் கிளிஞ்சல் சட்டியை எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன். பெட்டைகள் வழக்கமான இடத்துக்கு வந்து, மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போயின. பத்து நாளில் ஓடு மெலிந்தது. லாரியில் பாதிக் கூடை கூழாகி, அவில்தார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். திட்டு வாங்கினேன், சந்தோஷமாக. அன்று பகல் முழுக்கச் சமையலறை வாசலில் நின்று வந்தவர் போனவரையெல்லாம் கேட்டேன். யாருக்கும் சாமுவேலைத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் வெள்ளைக் கோழி எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. அப்போதும் அதன் அடியில் ஒரு முட்டை, மெல்லிசாக, ஆனாலும் ஓட்டோடு. புடவையில் சுற்றிக்கொண்டு பூந்தமல்லிக்கு ஓடினேன். கம்பவுண்டர் அதன் காலைத் தடவிப் பார்த்தார். என்ன செய்தாய் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "வெளிய கிடைக்கலன்னா அது தன் எலும்புல இருந்து எடுத்து ஓடு கட்டும்மா, உன் ஆளைத் தேட ஓடு உடையணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

வாசலில் நின்ற லாரி

சட்டி பரணிலிருந்து இறங்கியது. கோழி பிழைத்தது, கொஞ்சம் நொண்டும். பாஸை மறந்துவிட்டேன். காலையில் லாரி வந்து ஹாரன் அடித்தால் கூடையை ஏற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். டிரைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் வந்தவர் முகமெல்லாம் கறுத்து, மலேரியாவில் பாதியாகியிருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். பர்மா எல்லை என்றார். லாரிக்காரனை லாரிக்காரனுக்குத் தெரியாமலா போகும்? இத்தனை நாள் கேட்காமல் அனுப்பிய டிரைவர்களையெல்லாம் நினைத்து என்னை நானே நொந்துகொண்டேன்.

பேரைச் சொன்னேன். அவர் கதவைத் திறந்து கீழே இறங்கினார். கோழிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போன மழைக்கு மின்ன, ஆத்துக்கு அந்தாண்ட, வண்டி ரிப்பேரா நின்னுகினு இருந்தாரும்மா. ஆவடிக்குப் போனா எங்க ஊட்ல முட்ட துன்னுட்டுப் போடான்னாரு, எந்த ஊடுன்னு கேக்கறதுக்குள்ள என் வண்டி கெளம்பிட்ச்சி."

நான்கு முட்டை அவித்துக் கொடுத்தேன். அவர் சாப்பிடுகிறவரைக்கும் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு இரண்டு மழை வந்துபோய்விட்டது, சண்டையும் முடிந்துவிட்டது என்கிறார்கள். லாரிகள் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. நானும் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அடை வைத்த முட்டை இருபத்தொன்றாம் நாள் பொரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற எனக்கு, சொந்த வீட்டுக்காரர் எந்த நாள் வருவார் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.