எண்ணுவதற்கு முன்னாடி கட்டின பேனர்

என் மகள் இங்கிலாந்து போய்ப் பதினாறு வருஷமாகிறது. நாத்து நடுற வேலை என்னோடு போகட்டும் என்றுதான் நர்ஸுக்குப் படிக்க வைத்தேன். அங்கே அந்தப் படிப்பு மட்டும் போதவில்லை. முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டே மறுபடி பரீட்சை எழுதினாள். இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு முழுக்க அவள் பொறுப்பு. போதும் என்று நான் நினைத்தேன். அவளோ இந்த வருஷம் அந்த ஊர் கவுன்சிலர் தேர்தலில் நின்றுவிட்டாள். மழையில் கதவு கதவாகத் தட்டி ஓட்டுக் கேட்டதை வீடியோவில் காட்டினாள். கூட ரெண்டே பேர். மேளமில்லை, ஆட்டோ மைக் இல்லை. இப்படிக் கேட்டால் யார் போடுவார்கள் என்று நினைத்தேன்.

ஓட்டு எண்ணுகிற அன்று காலையில் பால் வாங்கப் போனேன். கருங்குழி பஸ் ஸ்டாப்பில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர். 'இங்கிலாந்தை வென்ற எங்கள் வீரமங்கையே' என்று போட்டு மகள் படம். பக்கத்தில் அவளைவிடப் பெரிசாகக் கைகூப்பிக்கொண்டு என் தம்பி.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். "இன்னாடா இது? இன்னும் எண்ணவே இல்லயே?"

"தோக்கற மூஞ்சியாக்கா அது? நாளைக்குப் பிரிண்டுக்காரன் கல்யாண ஆர்டர்ல பிஸி. அதான் முன்னாடியே அடிச்சிட்டேன்."

"தோத்துட்டா?"

"'மக்கள் மனதை வென்ற'ன்னு மேல ஒட்டிக்கலாம்."

மத்தியானம் மகள் ஃபோன் செய்தாள். "ம்மா, யாரோ பேனர ஃபோட்டோ புடிச்சி அனுப்பி, இங்க நம்ம ஆளுங்க ஃபோன்லல்லாம் சுத்தினு கீது. மாமாவ அவுக்கச் சொல்லும்மா. தோத்தா எப்படி வெளிய தல காட்டுவேன்?" குரல் உடைந்தது. பரீட்சை தவறியபோதுகூட அவள் அழுததில்லை.

தம்பி பட்டாசு வாங்க மதுராந்தகம் போய்விட்டான், ஃபோனை எடுக்கவில்லை. நாலு மணிக்கு நானே போனேன். பேனர் நிழலில் ஆட்டோக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர்களிடம் நின்று பேசியதில்லை.

"அத்தக் கொஞ்சம் அவுத்துக் குடுங்கப்பா." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னாம்மா?"

சத்தமாகச் சொன்னேன்.

"பெத்த பொண்ணு பேனர அவுக்கச் சொல்ற ஆள இப்பதான் பாக்கறேன்" என்று சிரித்தபடி ஒருவர் ஏறினார். ஒரு பக்கக் கயிறு அவிழ்ந்து தொங்கும்போது ஃபோன் அடித்தது. ஒரே கைதட்டல் சத்தம். அதற்குள்ளிருந்து அவள் குரல். "ஜெயிச்சிட்டேம்மா."

அந்நேரம் அச்சரப்பாக்கம் பஸ் வந்து நின்றது. "ஏறும்மா" என்றார் கண்டக்டர்.

"ஏறல நைனா. எம்பொண்ணு இங்கிலாந்துல கவுன்சிலர் ஆயிட்டா" என்றேன், கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி.